வில்மாரின் செடிகளில் பூஞ்சை பிடித்ததற்கு நான் சாட்சி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் சமையலறை மேசைமேல் கொண்டுவந்து வைக்கப்பட்டது. வைத்தவர் கீழ்வீட்டு வில்மார். கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், ஒரு கையில் மாத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீர் உறிஞ்சும் சுரைக்குடுக்கை, இன்னொரு கையில் தயிர் வாங்கிய பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்துக்குள் ஒரு கஞ்சாப் பூ. பூவின் நடுவில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதோ.

"மேல்வீட்டம்மா, இது என்னன்னு பாருங்க."

"பூஞ்சை."

"அது எனக்கும் தெரியும். எப்படிப் போக்குறதுன்னு சொல்லுங்க. உங்க ஊர்ல சாமியாருங்களே இதத்தான் பிடிப்பாங்களாமே."

நான் பிறந்தது கரூரில். எங்கள் வீட்டில் பூஞ்சை பிடித்த ஒரே பொருள் மாங்காய் ஊறுகாய்தான். அதற்கு வைத்தியம், மேலாக வழித்து எறிந்துவிட்டு மிச்சத்தை விருந்தாளிக்குப் பரிமாறுவது. விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அந்த மனுஷன் கிண்ணத்துக்குள் விரலை விட்டு, பூவை மேலாக வழிக்க முடியுமா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். "ஐயோ, அதத் தூக்கிக் குப்பையில போடுங்க. புகைச்சீங்கன்னா நெஞ்சுக்குள்ள போகும்" என்று நான் பதறிப்போய்க் கிண்ணத்தைப் பிடுங்க வேண்டியதாயிற்று.

இதைத் தமிழில் எழுதுவதற்கு மொழிப்பற்று காரணமில்லை. மான்டிவிடியோ நகரத்தில் எங்கள் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இந்தக் கதையில் வருகிற இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக ஆளுக்கொரு ரகசியம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் போய் அவர்களிடம் சொல்லப் போவதில்லை என்ற தைரியம்தான்.

2

முதல் வரி மட்டும் மூன்று முறை எழுதினேன்.

"ஈரம் ஊறிய நகரம் அது." [வேண்டாம். நகரத்தை வைத்து ஆரம்பித்தால் நகரத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதவேண்டி வரும். இங்கே குளிர்காலம் ஜூலை மாதத்தில்; அப்போது உப்புச் சாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாது. சுவரில் கைவைத்தால் சுவர் வியர்த்திருக்கும். கொடியில் போட்ட துணி ஒரு வாரமானாலும் 'காயட்டுமா, வேண்டாமா' என்று யோசித்துக்கொண்டிருக்கும். நகரம் முடிந்தது.]

"விவாகரத்து வாங்கிய பிறகுதான் வில்மாரும் நிபியாவும் ஒற்றுமையாக" [பாதியிலேயே நிறுத்திவிட்டேன். ஒற்றுமையாக என்ன செய்தார்கள்? சண்டை போட்டார்கள். அதை விவாகரத்துக்கு முன்னாலும் நன்றாகத்தான் போட்டார்கள்.]

"ஒரு வீட்டுக்கு ஆறு செடிதான் என்கிறது சட்டம்."

இது இருக்கட்டும். இதில் கதை இருக்கிறது. இந்த நாட்டில் வீட்டிலேயே கஞ்சா வளர்த்துக்கொள்ளலாம்; சட்டம் வீட்டைத்தான் கணக்கில் எடுக்கும். வீட்டுக்குள் இருப்பவர்கள் புருஷன் பெண்டாட்டியா, பேச்சுவார்த்தை உண்டா என்றெல்லாம் பார்க்காது. ஒரு வீடு, ஆறு செடி. வில்மாரும் நிபியாவும் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். வீட்டை மட்டும் பிரிக்க முடியவில்லை. வேறு வீடு பிடிக்க இருவருக்கும் வசதி இல்லை. ஆகவே தெருப்பக்கத்து அறை அவருக்கு, கொல்லைப்பக்கத்து அறை அவளுக்கு, நடுவில் ஜன்னலே இல்லாத பழைய சாப்பாட்டு அறை செடிகளுக்கு. ஆளுக்கு மூன்று. நிபியா தன் பூக்களைக் கொழுப்பில் காய்ச்சி முழங்கால் வலிக்குத் தைலம் செய்துகொள்வாள். வில்மார் ஞாயிற்றுக்கிழமை தன் கால்பந்து அணி தோற்பதைத் தாங்கிக்கொள்ளப் பயன்படுத்துவார்.

போன குளிர்காலத்தில் ஆறும் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. அப்போது நிபியா சொன்னது, முற்றத்திலிருந்து என் சமையலறைவரைக்கும் கேட்டது.

"நம்ம ரெண்டு பேராலயும் சேர்ந்து ஒரு செடியக்கூட உருப்படியா வளக்க முடியலன்னா எதுக்கு ஒரே வீடு, கெழவா? அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா வித்துடலாம். பாதி உனக்கு, பாதி எனக்கு. நீ ரிவேராவுக்கு உன் தம்பிகிட்டப் போ."

வில்மார், "உன் இஷ்டம்" என்றார்.

வாசகரே, இந்த "உன் இஷ்டம்" என்பதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சொல்லுகிற பொய்களில் இதுதான் மகா பொய். அவர் ரிவேராவுக்குப் போக விரும்பவில்லை. நிபியா இருக்கிற வீட்டை விட்டு எங்கேயும் போக விரும்பவில்லை. இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது செடி இல்லை, இதுதான். முதலிலேயே சொல்லிவிட்டேன்; கடைசிப் பக்கத்தில் உங்களை ஏமாற்றுகிற உத்தேசம் எனக்கில்லை.

3

கத்தரிப்பதைப் பற்றி நாலு வரி எழுதித்தான் ஆகவேண்டும். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

செடி தன்னிஷ்டத்துக்கு வளர்ந்தால் அடியில் ஒன்றுக்கும் உதவாத கிளைகள் மண்டிவிடும். மேலே இருக்கிற விளக்கின் வெளிச்சம் அவற்றுக்குப் போகாது, காற்றும் போகாது. ஆகவே வேண்டாத கிளைகளை வெட்டிவிட வேண்டும். வெட்டினால் காயம். காயம் ஆறுவதற்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை அங்கே குடியேறும். வெட்டாவிட்டாலும் அடர்த்தியில் ஈரம் தங்கும், அப்போதும் குடியேறும். வெட்டினாலும் வினை, வெட்டாவிட்டாலும் வினை. இதற்கும் கல்யாணத்துக்கும் ஒப்புமை சொல்லலாம் என்று [சொல்லப் போவதில்லை].

நாற்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர் வில்மார். கண்ணாடி போட்டுக்கொண்டு, நகம் வெட்டும் கத்தரிக்கோலைச் சாராயத்தில் துடைத்து, ஒவ்வொரு கிளையையும் பிரேக் பிடிக்கிற மாதிரி மெதுவாக வெட்டுவார். நிபியா தன் மூன்று செடிகளைத் தொடவிட மாட்டாள். "உன் கையில கத்தரிக்கோலக் குடுத்தா என் செடிய மொட்டையடிச்சு மொட்டக் கழுதையாக்கிடுவே" என்பாள். இந்த வருடம்தான் முதல்முறையாக, "சரி, என்னுதையும் வெட்டித் தொலை" என்றாள். வில்மார் அன்றைக்கு என்னைப் படியில் பார்த்து, "மேல்வீட்டம்மா, அவ செடியையும் என்னையே வெட்டச் சொல்லிட்டா" என்றார். நாட்டுக்கே அதிபராக்கின மாதிரி முகம்.

அடுத்த வாரம் கிண்ணத்தோடு என் மேசைக்கு வந்தார்.

* இங்கே பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட 'போ' என்று ஒரு சொல் உண்டு. நம் ஊர் 'ஏம்ப்பா' மாதிரி. நான் வந்த புதிதில் யாராவது அன்பாக அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன். இதற்கும் கதைக்கும் சம்பந்தமில்லை. இருபது வருடமாக யாரிடமாவது தமிழில் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.

4

செடிக்கடைக்கார எபெரை அழைத்துவந்தது நான்தான். எபெர் வாய் ஓயாதவன். பூஞ்சையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டான், சாவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

"ஆட்டாதீங்க, ஊதாதீங்க. ஒரு பையப் போட்டு மூடி, அப்படியே ரெண்டு விரக்கடை கீழ வெட்டி எடுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திரியத் துடைங்க. பூஞ்சை இருக்கிற பூவத் தைலத்துக்கும் போடாதீங்க, புகைக்கவும் வேண்டாம். இது எத்தனையாவது?"

"மூணாவது. எல்லாமே என் செடி" என்றார் வில்மார்.

"அக்காவோட செடி?"

"அது சுத்தமா இருக்கு. என்னுதுதான் ராசியில்லாதது" என்று இழுத்தார் வில்மார். நிபியா கதவில் சாய்ந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

எபெர் சுவரில் தொங்கிய ஈரப்பதம் காட்டும் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். மூலையில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற பழைய மிஷின் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியை இழுத்தான். தளும்பியது.

"இத எப்ப கொட்டினீங்க?"

"காலையிலதான்."

"காலையிலயா? ஆறு செடி இவ்வளவு தண்ணி விடாது, வில்மார். உள்ள யாராவது குளிக்கிறாங்களா?"

நிபியா சிரித்துவிட்டாள். வில்மாரின் காதுகள் சிவந்தன.

"சுவர்லேர்ந்து வருது" என்றார்.

"சுவர்ல கைவச்சுப் பாருங்க. இந்த வீட்டுலயே காஞ்ச சுவர் இதுதான். யாரோ ஈரத்த வெளிய இருந்து கொண்டாந்து வைக்கிறாங்க. அது யாருன்னு கண்டுபிடிங்க. முடியலேன்னா என்கிட்டப் பெரிய மிஷின் ஒண்ணு இருக்கு, தவணையிலயும் தரலாம்."

"கண்டுபிடிக்கிறேன்" என்றார் வில்மார், மார்பை நிமிர்த்திக்கொண்டு. அதுமுதல் துப்பறிய ஆரம்பித்தார். நிபியாவின் கெட்டில்மேல் சந்தேகப்பட்டார். கூரைக் கண்ணாடிமேல் சந்தேகப்பட்டார். என் குளியலறைக் குழாய்மேல் சந்தேகப்பட்டு, மேலே வந்து தரையில் காதை வைத்துக் கேட்டார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரத்தைக் கொண்டுவந்து வைக்கிறது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். தரையில் கிடக்கிற இவரேதான்.

5

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் உண்மையை ஒளித்துவைத்திருப்பார். எனக்குப் பொறுமை இல்லை.]

என் சமையலறை ஜன்னல் அவர்கள் முற்றத்துக்கு நேர்மேலே இருக்கிறது. நிபியா, இங்கே சானடோரியம் என்று சொல்கிற தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலி உதவியாள். விடியுமுன் வேலைக்குப் போய் மத்தியானம் வருவாள். வந்ததும் சீருடையைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போடுவாள். இருப்பது இரண்டு சீருடை. போன குளிர்காலம் முழுக்க அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு போய், மார்ச்சளி பிடித்து, ஒரு மாதம் இருமினாள். மேலே எனக்கே கேட்டது. செடி அறைக்கு அந்தப்பக்கம் இருந்த வில்மாருக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், இருட்டுகிற நேரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு கீழே பார்க்கிறேன். வில்மார் முற்றத்துக்கு வருகிறார். நிபியாவின் கதவைப் பார்க்கிறார். கொடியிலிருந்து சீருடையை உருவிச் சட்டைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு உள்ளே ஓடுகிறார், கோழி திருடுகிற மாதிரி. மறுநாள் அவள் எழுவதற்கு முன்னால் அது கொடியில் பழையபடி தொங்குகிறது, மொறுமொறுவென்று.

அந்த வீட்டில் சூடும் காற்றும் இருக்கிற ஒரே இடம் செடி அறை. இரவெல்லாம் அங்கே விளக்கு எரியும், மின்விசிறி ஓடும். விளக்கடியில் கயிறு கட்டிச் சீருடையைத் தொங்கப்போட்டிருக்கிறார். அதுவும் நிபியாவின் செடிமேல் ஒரு சொட்டு விழக்கூடாது என்று தன் மூன்று செடிகளுக்கு மேலே.

நிபியாவோ முற்றத்தில் நின்று என்னைப் பார்த்துப் பெருமையடித்துக்கொள்வாள். "பாத்தியா, எங்க முற்றத்துல என்ன காத்து. ஒரே ராத்திரியில காஞ்சுடுது." சுற்றிலும் மூடுபனி. என் துணியெல்லாம் மொட்டைமாடியில் புதன்கிழமையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது.

தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்த வில்மாரிடம் நேராகவே கேட்டேன்.

"அந்த யூனிஃபார்மத் தொங்கப்போடறத நிறுத்தினா பூஞ்சை நிக்கும். ஏன் நிறுத்த மாட்டேங்கறீங்க?"

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பாவமாக இருந்தது. காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"நிறுத்தினா இருமுவா."

"அப்ப அவகிட்டச் சொல்லிட்டு உங்க ரூம்ல ஒரு ஹீட்டர் முன்னாடி போடுங்க."

"சொன்னா ஏன்னு கேப்பா."

"கேட்டா பதில் சொல்லுங்க."

"சொன்னா சிரிப்பா."

"சிரிக்கட்டுமே. சிரிச்சா என்ன?"

"சிரிக்கலேன்னா?" என்றார்.

காப்பியைத் தள்ளிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தன் அம்மாமேல் சத்தியம் செய்யச் சொன்னார். அவர் அம்மாவை எனக்குத் தெரியாது, செய்துவிட்டேன்.

6

இதுவரை எழுதி, கரூரில் இருக்கிற என் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். என் கதைகளுக்கு அவள்தான் முதல் வாசகி. பெரும்பாலும் கடைசி வாசகியும் அவள்தான். கஞ்சா என்று சொல்லக் கூச்சப்பட்டு 'ஒரு மூலிகைச் செடி' என்று படித்தேன்.

"கஞ்சான்னு சொல்லேண்டி. எனக்கென்ன வயசாகலையா?" என்றாள். "கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நிபியாவ நான் நம்பமாட்டேன்."

"ஏன்?"

"அந்தச் செடி பூத்தா நாத்தம் தெருவத் தூக்குமே. ராத்திரி பூரா அதுக்கு மேல தொங்கின துணிய காலைல எடுத்து மாட்டிக்கிட்டுப் போறா. அவளுக்கு மூக்கு இல்லையா? கூட வேலை செய்யறவளுக்கு மூக்கு இல்லையா? ஓட்டையை அடைடி முதல்ல."

போனை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். கதையில் ஓட்டை இருந்தால் அடைக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நிபியாவுக்கு நாள்பட்ட மூக்கடைப்பு என்று எழுதினால் தீர்ந்தது. எழுதியும் பார்த்தேன். [நிபியாவுக்குச் சிறுவயதிலிருந்தே மோப்பம்] ஆனால் இந்த ஓட்டை என் கதையில் இல்லை, கீழ்வீட்டில் இருந்தது. இத்தனை நாளாக நானும் வில்மாரும் அதைப் பார்க்கவேயில்லை. என்ன எழுத்தாளர் நான்.

7

அன்றைக்கு மழை. மழை பெய்தால் இந்த ஊரில் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்து எடுப்பார்கள். நடுவில் ஓட்டை போட்ட பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிபியா ஒரு தட்டு நிறைய மேலே கொண்டுவந்தாள். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தாள். அவளுடைய செடி ஒன்றிலும் வெட்டின இடத்தில் சாம்பல் பூத்துவிட்டது. வீட்டுத் தரகரைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டாள்.

நான் சத்தியம் செய்திருந்தேன். ஆகவே சுற்றி வளைத்தேன்.

"உன் யூனிஃபார்ம் ஒரு மாதிரி வாசனையா இருக்கே, நிபியா. புது சோப்பா?"

அவள் என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பூரியைத் தட்டில் வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும்.

"சானடோரியத்துல எனக்கு என்ன பேரு தெரியுமா? 'தோட்டம்'. மூணாவது மாடியில ஒரு பெரியவர், நான் படுக்கை விரிப்பு மாத்தப் போனாலே மூச்ச இழுத்து இழுத்து விடறார். இன்னும் கொஞ்சம் நின்னுட்டுப் போம்மாங்கறார். மேலதிகாரி ரெண்டு தடவ கூப்பிட்டு விசாரிச்சாச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க வளக்கறாங்க, காத்துல வருதுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"பக்கத்து வீட்டுக்காரின்னா நானா?"

"வேற யாரச் சொல்றது? நீ இந்தியாக்காரி, நம்புவாங்க."

"அப்ப உனக்குத் தெரியும்."

"மொத நாளே தெரியும்."

"பூஞ்சை எதனாலன்னும் தெரியுமா?"

"தெரியாம என்ன? இப்பல்லாம் நான் துணியப் பிழியறதே இல்லையே. அப்படியே சொட்டச் சொட்டத்தான் போடறேன்."

"ஏன்?"

"நல்லாப் பிழிஞ்சு போட்டா அதுவா காஞ்சாலும் காஞ்சுடும். அப்புறம் அவன் எதுக்கு எடுக்கப் போறான்?"

அடிப்பாவி என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

"அப்புறம் எதுக்கு வீட்ட விக்கறே?"

சிரிப்பு நின்றது. ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள்.

"அத்தன வருஷம் கூட இருந்தான். ஒருநாள் வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. அதனாலதான வக்கீல்கிட்டப் போனேன். இப்ப திருட்டுத்தனமா என் துணியக் காயவைக்கிறான். விக்கறேன்னு சொன்னாலாவது 'வேணாம்'னு சொல்லுவானான்னு பாத்தேன். என்ன சொன்னான்?"

"உன் இஷ்டம்னார்."

"அந்த வார்த்தையக் கேட்டா அந்த வாயில கொள்ளி வைக்கணும்போல இருக்கு எனக்கு."

"நீயே போய்ச் சொல்லிடேன், எனக்குத் தெரியும்னு."

"சொன்னா வெக்கப்பட்டு அன்னைக்கே நிறுத்திடுவான். உனக்கு அவனத் தெரியாது." தட்டை என் பக்கம் தள்ளினாள். "அதுவுமில்லாம, நான் கேட்டு அவன் சொன்னா அது நான் கேட்டதுக்காகச் சொன்னது. எனக்கு அது வேண்டாம். அதுக்கு வித்துட்டே போயிடலாம்."

போகும்போது அவளும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்த முறை என் அம்மாமேல்.

8

நீங்கள் இப்போது என்னைத் திட்டுகிறீர்கள். தெரியும். 'இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே' என்கிறீர்கள். அந்த முடிவை எழுதிப் பார்த்தேன். நான் நடுவில் நிற்கிறேன், சொல்கிறேன், இருவரும் அழுகிறார்கள், கட்டிக்கொள்கிறார்கள், பின்னால் பூஞ்சை கூடத் தானாக விழுந்துவிடுகிறது. நம்ம ஊர்ப் படம் மாதிரி சுபம் என்று ஒரு அட்டை மட்டும்தான் பாக்கி. ஆனால் நான் சொல்லி நடந்தால் நிபியாவுக்கு அது வேண்டாம். அவளே சொல்லிவிட்டாள்.

எபெரின் பெரிய மிஷினை வாங்கிவைக்கிற முடிவும் ஒன்று இருக்கிறது. தொழில்நுட்பப்படி இதுதான் சரியான முடிவு. அறை காய்ந்துவிடும், செடி பிழைக்கும், வீடு விற்க வேண்டியதில்லை, சீருடையும் வெளியிலேயே ஒரு ஹீட்டரில் காயும். நாலு பேர் கைதட்டுவார்கள். அக்காவிடம் சொன்னேன். "அப்புறம் அந்த மனுஷன் சாயங்காலம் என்னடி பண்ணுவான்?" என்று கேட்டாள். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது முடிவை ஒரே மூச்சில் எழுதினேன், தடங்கலே இல்லாமல். வீடு விற்றுப்போகிறது. வில்மார் ரிவேராவில் தம்பி வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். நிபியா துணி உலர்த்தும் இயந்திரம் இருக்கிற அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறாள். அவள் சீருடை சோப்பு வாசனையோடு இருக்கிறது. மூன்றாவது மாடிப் பெரியவர் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நடக்கக்கூடியது இதுதான். இத்தனை சுலபமாக எழுத வந்ததே, அதனாலேயே எனக்குப் பயமாகிவிட்டது.

9

இன்று சனிக்கிழமை. இனி எழுதுவதெல்லாம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தரகர் வந்துவிட்டார். குதிகால் செருப்பும் குடையுமாக ஒரு அம்மாள். எல்லா அறையையும் பார்த்தாயிற்று. செடி அறையில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். இப்போது மூவரும் முற்றத்தில் இருக்கிறார்கள்.

"நல்ல வீடு. விளம்பரம் திங்கக்கிழமையே போட்டுடலாம்" என்கிறார் அந்த அம்மாள். "ரெண்டு பேருக்கும் சம்மதம்தான?"

"அவனக் கேளுங்க" என்கிறாள் நிபியா.

"அவளக் கேளுங்க" என்கிறார் வில்மார்.

"நான் ரெண்டு பேரையும்தான் கேக்கறேன்."

கொடியில் நாளைக்கு வேலைக்குப் போட்டுப் போகவேண்டிய சீருடை தொங்குகிறது. பிழியாத சீருடை, அடியில் தண்ணீர் குட்டையாக நிற்கிறது. நேற்று மாலை வில்மார் அதை எடுக்கவில்லை. தரகர் வருகிற நாளில் அறையில் கயிறும் துணியும் இருக்கக்கூடாது என்று நினைத்தாரோ, இனி எதற்கு என்று நினைத்தாரோ, தெரியவில்லை. [அவர் மனதுக்குள் நுழைந்து எழுத எனக்கு உரிமை உண்டு. இன்றைக்கு வேண்டாம்.]

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. தரகர் அம்மாள் குடையை விரிக்கிறார். நிபியா ஒருமுறை இருமுகிறாள். வேண்டுமென்று இருமினாளா, நிஜமாகவே வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வில்மாரின் முகம்தான் தெரிகிறது. அவர் நிபியாவைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்க்கிறார். கால்சட்டைப் பைக்குள் இருந்த வலதுகை வெளியே வந்துவிட்டது. பட்டப்பகலில், அவள் கண் முன்னால், மூன்றாம் மனுஷி ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அடுத்த வரியை நான் எழுதினால் அந்தக் கை கொடிக்குப் போய்விடும். ஒரே வரி. பேனா காகிதத்தின்மேல்தான் இருக்கிறது. எழுதமாட்டேன். நான் எழுதி அவர் எடுத்தால் அது நான் எழுதியதற்காக எடுத்தது. நிபியாவுக்கு அது வேண்டாம், எனக்கும் வேண்டாம், வில்மாருக்கும் வேண்டாம்.

நீங்களும் தயவுசெய்து மனதுக்குள் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளாதீர்கள். அவர் முகத்தைப் பார்த்தால் தள்ளத்தான் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. பொறுங்கள். மழை வலுக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் இருக்கிறது, வாருங்கள்.